வாய்க்காலுக்குள் அத்தானின் வள்ளம்

உருத்திரபுரம்,
28.08.1979, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய அத்தான் பரமலிங்கம் அவர்களுக்கு மைத்துனன் அப்புத்துரை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் இலட்சுமியும் மகள் ஞானேஸ்வரியும் சிவன் கிருபையால் சுகம். வெள்ளவத்தையில் நீங்களும் என் அக்காவும் மருமகன் தவராசாவும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுகிறோம். திருத்தித் தரச் சொல்லி என்னிடம் விட்ட உங்கள் மோட்டர் வள்ளமும் சுகம். அதாவது, உயிரோடு இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை தவராசாவையும் அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். "முதலில் வள்ளத்தின் மேற்தட்டு எப்படித் திருத்தியிருக்கிறாய் என்று பார்ப்போம், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதைப் பதினொரு தடவை வாசித்தேன். ஞானேஸ்வரிக்கு இருபத்தேழு முடிகிறது. வந்த இரண்டு சம்பந்தமும் சாதகத்தோடு திரும்பிப் போயின. இது அக்கா வீடு, பொருத்தமும் சரி. இதுவும் என்னால் தவறிப் போனால் அவளுடைய முகத்தில் நான் எப்படி முழிப்பது? ஆகவே தாங்கள் இந்த வெள்ளியை விட்டு அடுத்த வெள்ளி வந்தால் உத்தமம். நாளும் அடுத்த வெள்ளிதான் திறம் என்று ஐயர் சொல்கிறார். இன்னும் அவரைக் கேட்கவில்லை, கேட்டால் சொல்வார்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொல்லி ஞானேஸ்வரி பக்கத்தில் நிற்கிறாள், ஆகவே எழுதுகிறேன். நாற்பது வருசத்துக்கு முன் வெள்ளைக்காரத் துரை ஒருவர் திருகோணமலையில் கட்டுவித்த தேக்கு மேற்தட்டு என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்வீர்களே, அதை நாயாற்றுக் கடற்கரையில் போய்ப் பார்த்தபோது பாசி பிடித்து, ஊறி, மிதித்த இடமெல்லாம் ஈரம் கசிந்தது. என் கண்ணுக்கு முன்னால் வைத்துத் திருத்துவோம் என்று வள்ளத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இருபத்திரண்டு வருசமாக நெல்லோடு சீவிக்கிறவன் நான். ஈரத்தோடு வைத்த எதுவும் உருப்பட்டதை நான் கண்டதில்லை. ஆகவே வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குள் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வள்ளத்தை முற்றத்தில் நிறுத்தி, ஆனி ஆடி வெயிலில் நாற்பது நாள் காயவிட்டேன். கண்ணாடித் துண்டால் பழைய வார்னிசை நானே சுரண்டினேன். காய்ச்சல் பதம் அறிய நெல்லைக் கடித்துப் பார்ப்பதுபோல் ஒரு பலகையின் ஓரத்தைக் கடித்துக்கூடப் பார்த்தேன். நல்ல காய்ச்சல். அப்போது எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

நல்ல சூடான இடம் என்று இலட்சுமி மேற்தட்டில் மிளகாய் பரப்பினா. பின்னேரம் அள்ளப் போனால் பாதி மிளகாய் இல்லை. கோழி தின்றதென்று கோழியைத் துரத்தினா. கோழியும் இல்லை, அது வள்ளத்துக்குள் மிளகாய்க்கு நடுவில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தது அத்தான். மேலே நின்று பார்த்தால் கீழே மண் தெரிந்தது. உடனே நாயாற்றிலிருந்து வள்ளம் கட்டுகிற ஓடாவி பொன்னையாவைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"ஐயா, உந்த வள்ளத்தை ஆர் காயவைச்சது?"

"நான்தான்."

"நெல்லெண்டு நினைச்சிட்டியளோ? வள்ளத்தை இப்பிடிக் காயவிடுவினமே? கொண்டுபோய்த் தண்ணியுக்கை தாழ விடுங்கோ. பலகை ஊறிப் பொருந்த ஒம்பது நாள் வேணும். அடுத்த கிழமை ஞாயிறு வரைக்கும் ஒருத்தரும் கைவைக்கப்படாது. முந்தித் தூக்கினியளெண்டால் பலகை ஒவ்வொண்டாக் கையோட வரும்."

உருத்திரபுரத்தில் கடலுக்கு நான் எங்கை போறது அத்தான்? வளவுக்குப் பின்னாலை ஓடுற வயல் வாய்க்காலுக்குள்ளை போன வெள்ளி பின்னேரம் இறக்கினம். வயிறு தண்ணிக்குள்ளை, மேற்தட்டு வெளியிலை. மேற்தட்டிலை நனைஞ்ச சாக்கைப் போட்டு நாளுக்கு ஐஞ்சு தரம் வாளியாலை தண்ணி ஊத்துறது ஞானேஸ்வரிதான். நான் ஊத்தப் போனால் வாளியைப் பறிக்கிறாள். நான் இனி வள்ளத்துக்குக் கிட்ட வரக்கூடாதாம். அண்டு இரவு கயிறு இளகி, வள்ளம் குறுக்கை திரும்பி, வாய்க்காலை அணை கட்டினமாதிரி அடைச்சுப்போட்டுது. சனி விடிய எழும்பினால் குசினிக்குள்ளை கணுக்கால் தண்ணி, இலட்சுமியின்ரை பானை வாசல் வரைக்கும் வந்திட்டுது. கீழ்வயல்காரன் கணபதிக்கு அண்டைக்குத் தண்ணி முறை. அவன்ரை வயலுக்கு ஒரு சொட்டும் போகேல்லை. மண்வெட்டியோட ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிண்டான்.

"அப்புத்துரையண்ணை, அடுத்த முறை வெள்ளி விடிய ஆறு மணிக்கு. அதுக்குள்ளை உந்த வள்ளத்தை எடுக்காட்டி கோடாலியாலை கொத்தி எடுப்பன். விறகுக்கெண்டாலும் உதவும்."

வள்ளத்தை நேராக்கிக் கட்டியும் பாதித் தண்ணிதான் போகுது. கணபதியிலை பிழை சொல்ல மாட்டன். கதிர் பால் பிடிக்கிற நேரம் இந்தத் தண்ணி தவறினால் அவனுக்கு முழுதும் பதர். அவன்ரை இடத்திலை நானெண்டால் கோடாலியை அண்டைக்கே எடுத்திருப்பன். வெள்ளி விடிய தூக்கினால் பலகை கழலும், தூக்காட்டி கோடாலி. மத்தியானம் நீங்கள் சம்பந்தம் பேச வந்து நிப்பியள். எனக்கு நாலு நாளாச் சோறு இறங்கேல்லை அத்தான். நான் பிழை விட்டிட்டன், உண்மை. ஆனால் என்ரை பிழைக்கு அவளைத் தண்டிக்காதேங்கோ. அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுங்கோ, அதுக்குள்ளை எப்பிடியும் பொருத்தி வைப்பன்.

அக்காவின் முழங்கால் வலி மாறவும், தவராசா நூறாண்டு வாழவும், உங்கள் கோபம் ஆறவும் உருத்திரபுரத்துச் சிவன் அருள் புரிவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
அப்புத்துரை

பி.கு: முத்திரை ஒட்டப் போகும்போது நாய் குரைத்தது. வாசல் படலையில் நீங்கள், அக்கா, தவராசா. தவராசாவின் லீவு மாறிவிட்டதாம், தந்தி அடித்தீர்களாம், பரந்தனிலிருந்து கார் பிடித்து வந்தீர்களாம். தந்தி இன்னும் வரவில்லை. முத்திரையை மிச்சம் பிடித்து இக்கடிதத்தைத் தங்கள் கையிலேயே தருகிறேன். எழுதியதில் ஒரு திருத்தம்: அடுத்த வெள்ளி என்று நான் கெஞ்சியதை வெட்டிவிடவும். தவராசா கை கால் கழுவப் பின்பக்கம் போனவர், காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் ஞானேஸ்வரிக்குப் பக்கத்தில் நிற்கிறார். வாளி அவர் கையில். எனக்குத் தராத வாளி. மேற்தட்டில் ஒரு பலகை கழன்று மிதந்து போகிறது, இரண்டு பேருமே அதைக் காணவில்லை. கணபதி கோடாலியை மடியில் வைத்தபடி வரம்பில் குந்தியிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அத்தானைப் பின்பக்கம் விடாமல் முன்னுக்கே இருத்து என்று அக்கா எனக்குக் கண்ணைக் காட்டுகிறா. ஆகவே இந்தக் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கோ அத்தான். முடிந்தால் இன்னொருக்கால் முதலிலிருந்து வாசியுங்கோ.