பரிசோதித்தவர்: மீற்றர் அக்கா

வன்னி முழுக்கத் தேடினாலும் மின்சாரத்தைத் துளியும் நம்பாத ஆள் எங்கள் மீற்றர் அக்கா ஒருவர்தான். வேலையோ மின்சாரத்தோடு. நெளுக்குளத்தில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில் மின்வழங்கல் சிப்புகளுக்குக் கேர்னல் டிரைவர் எழுதினோம். கருவிக்குள் எந்தப் பாகத்துக்கு எத்தனை வோல்ட் போகவேண்டும் என்று அந்தச் சிப்புக்குச் சொல்லும் நிரல் அது. கொஞ்சம் கூடினால் பாகம் கருகிவிடும்.

அக்காவின் கழுத்தில் தாலிக்கொடிக்கு மேலே மல்டிமீற்றர் வயர் தொங்கும். தண்ணீர் கொதிக்கவைக்கப் புதுக் கேத்தில் வந்தாலும் பிளக்கை அளந்த பிறகுதான் எங்களுக்குத் தேத்தண்ணி. சிப் செய்த கம்பனியின் கையேட்டைக் காட்டினால், "எழுதினவை இங்க வந்து நிண்டு அளந்தவையோ?" என்பார். நிரலில் எல்லாம் மைக்ரோவோல்ட் கணக்கு, 1.8 வோல்ட் என்றால் பதினெட்டும் ஐந்து சைபரும். அந்தச் சைபர்களை நாங்கள் எழுந்து நின்று தேவாரம் போல உரக்கச் சொல்லவேண்டும். பிறகு மற்றப் பாகங்களைக் கழற்றிவிட்டு, டிரைவரை ஓடவிட்டு, வருகிற வோல்ட்டை அளப்பார். சரியாக இருந்தால் மட்டும் நிரலின் அடியில் 'பரிசோதித்தவர்' என்று தன் பெயரைப் போட விடுவார். அந்தப் பெயர் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் நிரலைத் தொடவே மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா மத்தியானத்தோடு லீவு. பொறுப்பாளர் அவசரப்படுத்தினார். பக்கத்து வரியைப் பிரதியெடுத்து ஒட்டிய நான் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். 1.8 போகவேண்டிய இடத்துக்கு 3.3 போனது. அளந்து பார்க்கவும் இல்லை. ஆனால் அடியில் அக்காவின் பெயரை மட்டும் மறக்காமல் போட்டேன். நிரல் போய்ச் சேர்ந்த இடத்தில், வாடிக்கையாளரின் ஒரேயொரு மாதிரி மின்சுற்றுப் பலகை புகைந்து போனது.

திங்கட்கிழமை பொறுப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பரிசோதிச்சது நீங்களோ?"

அக்கா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அது அவருக்குத் தெரியும்.

"ஓம், என்ர பேர்தானே கிடக்கு."

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா இப்போது செட்டிகுளத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறார். போன மாதம், உண்மையைச் சொல்லியே தீருவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டாயா என்று வாசலிலேயே கேட்டு இருத்திவிட்டார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழுந்தது. மூன்றாம் முறை மீன்குழம்பும் சேர்ந்து வரவே, சொல்ல வந்ததையும் அதோடு விழுங்கிவிட்டேன்.

பஸ் தரிப்பிடம் வரை கூடவே வந்தார். பஸ் வந்து நின்றதும் சொன்னார்:

"சொல்ல வந்ததை அடுத்த முறை வரேக்க சொல்லு. இப்ப ஏறு."

அதுவரை என்னால் பொறுக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பொறுப்பாளரும் இந்த இதழை வாசிப்பவர்தான்; வாசிக்கட்டும். அக்கா, உங்கள் பெயரைப் போட்டது நான்தான். அங்கே நான் நம்பிய பெயர் அது ஒன்றுதான்.