பனியன் அண்ணனுக்கு எடுத்த புதுத்துணி

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எதிரியிடம் அனுமதி கேட்டுச் சுட்ட ஒரே மனிதர் எங்கள் பனியன் அண்ணன்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள். செல்போனில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டில் எதிராளி முதுகைக் காட்டி நின்றால், மைக்கை ஆன் செய்து, "ஏனுங்க, பின்னாடி நிக்கறேனுங்க. கொஞ்சம் திரும்புனீங்கன்னா சுட்டுப்போடுவேனுங்க" என்பார். யாருடா இது என்று அவன் திகைப்பதற்குள் சுட்டும்விடுவார். அப்புறம், "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை.

சரவணம்பட்டி ஆண்கள் விடுதி ஒன்றில் நானும் ஆண்டனியும் அவரும் ஒரே அறை. அண்ணனுக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். பனியன் கம்பெனி ஒன்றில் துணியில் குறை கண்டுபிடிக்கிற வேலை. விடுதிச் சாப்பாட்டிலும் அதையே செய்வார். நாற்பதை நெருங்கும் வயசு, அப்பா அம்மா இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. தீபாவளிக்கு விடுதியே காலியானாலும் அவர் மட்டும் இருப்பார். சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து ஆடுவதுதான் மனுஷனுக்கு எல்லாமே.

விளையாட்டில் சேரும்போது சும்மா கொடுப்பது ஒரு பனியனும் கால்சட்டையும். றெக்கை, கொம்பு, தங்கக் கவசம் எல்லாம் காசுக்கு. போட்டால் பலம் கூடுமா என்றால் ஒரு மண்ணும் கூடாது, வெறும் பகட்டு. ஆண்டனி சம்பளம் வந்ததும் முதலில் அந்தக் கடைக்குத்தான் போவான். அண்ணனோ ஆரம்பத்திலிருந்து பனியன்தான். பேர் வந்தது அப்படித்தான்.

"ஏனுங் தம்பி, தொட்டுப் பாக்க முடியாத துணிக்குக் காசுங்களா? கிழிஞ்சா கரித்துணிக்காச்சும் ஆகுங்களா?"

"இதெல்லாம் ஸ்டைலுங்கண்ணா."

"என்ன ஸ்டைலுங்க? புதருக்குள்ள ஒளிஞ்சாலும் உங்க றெக்கை கல்யாண மண்டபத்து சீரியல் செட்டாட்ட மின்னுது!"

எதிர்ச் சந்து விடுதியோடு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று முடிவானதும் வந்தது வினை. "பனியன் வர்றாருடோய்" என்று அந்தப் பயல்கள் கேலி பண்ண, ஆண்டனிக்கு மானம் போய்விட்டது.

"அண்ணா, ஒண்ணு நல்ல உடுப்பு வாங்குங்க. இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்கறோம்" என்று பட்டென்று சொல்லிவிட்டான் படுபாவி.

அண்ணன் அன்றைக்குச் சாம்பாரைக்கூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். மனுஷனுக்கு இருப்பதே நாங்கள் ரெண்டு பேர், அதையும் பிடுங்கினால் எங்கே போவார்? ஆண்டனியைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு பிடி பிடித்தேன். கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்து அவருக்கு ஒரு உடுப்பை அன்பளிப்பாக அனுப்பினோம். தேர்ந்தெடுத்தது ஆண்டனி. குறும்பு போகுமா அவனுக்கு? ரோஸ் கலர் முயல் வேஷம். காது ரெண்டும் விட்டு விட்டு எரியும்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம். அவரோ, "எனக்குங்களா? துணி எடுத்துக் குடுத்தீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "எடுத்துக் குடுத்தத வேண்டாம்னு சொல்லக்கூடாதுங்க. ஞாயித்துக்கெழம உடுத்திக்கறேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு விடுதியும் சுற்றி நிற்க, ஆட்டம் ஆரம்பித்தது. எப்போதும் அண்ணன்தான் மேப் பார்த்து முன்னால் போவார், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போவோம். இந்த விளையாட்டில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே மாட்டினால் உயிர் போய்விடும். அண்ணன் காது மின்ன மின்ன, வட்டத்துக்கு வெளியே பார்த்து ஓட்டம் பிடித்தார், பின்னாலேயே நாங்களும்.

"அண்ணா, மேப்பப் பாருங்க!"

"தெரியலீங் தம்பி."

எட்டிப் பார்த்தேன். அவர் போனில் மேப் இருக்கும் மூலை முழுக்க, சமையல் அக்காவிடம் வாங்கிக் குழைத்து அப்பிய மஞ்சள்!

"என்ன கருமங்கண்ணா இது?"

"புதுத் துணிங்க. மூலைல மஞ்ச வெக்காம உடுத்தலாங்களா?"

"தொடச்சுத் தொலைங்கண்ணா!" ஆண்டனி அலறினான்.

"உடுத்தியிருக்கறப்பத் தொடச்சா எடுத்துக் குடுத்தவங்களுக்கு ஆகாதுங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

நாங்கள் நல்லா இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று பேரும் வட்டத்துக்கு வெளியே மாட்டிச் செத்தோம். எதிர் விடுதிக்காரர்கள் ஒரு குண்டுகூடச் செலவழிக்கவில்லை. கூட்டம் தரையில் உருண்டு சிரித்தது.

அண்ணன் போனை அணைத்துவிட்டு எழுந்தார். "என்னாலதானுங்க போச்சு. வேற ஆளப் போட்டுக்கங்க."

ஆண்டனி அவர் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்கண்ணா. வேற ஆளு எவன் எங்களுக்கு? அன்னிக்கு ஏதோ வாய்க்கொழுப்புல சொல்லிப்போட்டேன்."

இப்போது மூன்று பேரும் மூன்று இடத்தில் இருக்கிறோம். சாயங்கால ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. புதுசு புதுசாய் எத்தனையோ உடுப்பு வந்துவிட்டது, அண்ணன் அந்த முயலைக் கழற்றவில்லை. போன வாரம் எவனோ ஒருத்தன் மைக்கில், "யோவ் முயலு, இதையெல்லாமா காசு குடுத்து வாங்குவாங்க?" என்று சிரித்தான்.

"நான் வாங்கலீங்க" என்றார் அண்ணன். "ஊட்டுல எடுத்துக் குடுத்தாங்க."

அவர் வீடென்று சொன்னது எங்களைத்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் எவனோ என்னைச் சுட்டுவிட்டான். போனால் போகிறது.