பதினான்காம் எண் ஜெர்சி சறுக்கிய விவரம்

மார்ஷ் கிரீக், ஒஹாயோ
புதன்கிழமை, காலை பத்தேகால்

மரியாதைக்குரிய டுவைட் அத்தான் அவர்களுக்கு,

வெண்டல் ப்ரோகாப் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் டோலரஸும், என் இடது முழங்காலும் வலது இடுப்பும் நீங்கலாக, நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், லொரெய்ன் அக்காவும், தங்கள் ரத்த அழுத்தமும் அவரவர் இடத்தில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரத்த அழுத்தத்தை மரியாதைக்காக விசாரிக்கவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கால் மணி நேரத் தூரத்தில் இருப்பவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் கூப்பிட்டால் நீங்கள், "ஹலோ, யாரு, வெண்டலா, இரு, அக்காட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். நேரில் சொல்லலாம் என்று நேற்று இரண்டு முறை கிளம்பி வந்தேன். முதல் முறை நீங்கள் ஏணியில் நின்று கூரைத் தகரத்தில் அடைத்திருந்த இலைகளை அள்ளிக்கொண்டிருந்தீர்கள். ஏணியில் நிற்கிற மனிதரிடம் சொல்லக்கூடிய சங்கதி அல்ல இது. இரண்டாம் முறை வந்தபோது பக்கத்து வீட்டுக்காரருக்கு, எண்பத்துநான்காம் வருடம் பேஸ்பால் ஆட்டத்தில் நீங்கள் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கிய விதத்தைக் கைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மார்ஷ் கிரீக் மியூல்ஸ் அணியின் மைதானத்துக் கூடத்தில் உங்கள் பதினான்காம் எண் ஜெர்சியைக் கண்ணாடிப் பேழையில் மாட்டப்போகிறார்கள். நீங்கள் நாற்பது பேரை அழைத்திருக்கிறீர்கள். டென்வரிலிருந்து உங்கள் மகன் கர்ட்டும் வருகிறானாம். அந்தச் சட்டையின் கீழே ஒரு சான்றிதழ் தொங்கவேண்டும். "இது ஆட்டத்தில் அணியப்பட்டது, அணிந்தவர் டுவைட் ஹன்சேக்கர்" என்று அதில் கையெழுத்துப் போடவேண்டியவன் நான். முப்பத்தோரு வருடம் இந்த மாவட்டத்துத் தராசுகளையும் பெட்ரோல் குழாய்களையும் சோதித்து முத்திரை வைத்தவன், பழைய ஜெர்சிகள் சேர்ப்பதிலும் இருபது வருடப் பழக்கம் உள்ளவன் என்பதால் குழு அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டது. இன்று புதன்கிழமை. என் கை இன்னும் அந்தத் தாள் பக்கமே போகமாட்டேன் என்கிறது.

(ஒரு நிமிடம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். இரண்டும் அங்கேயேதான் தொங்குகின்றன.)

ஆமாம், அத்தான், இரண்டு. மார்ச் மாதம் மைதானத்துச் சாமான் அறையைக் காலி செய்தபோது ஒரே பெட்டியில் இரண்டு பதினான்காம் எண் ஜெர்சிகள் கிடைத்தன. ஒரே வருடம், ஒரே அளவு, ஒரே தையல். ஒன்று நன்றாக உழைத்தது: முன்பக்கம் இழுத்துத் தொய்ந்திருந்தது, பின்பக்க ஓரம் தேய்ந்து பளபளத்தது, மார்பில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பெரிய கறை. மற்றது மடிப்புக் கலையாமல், கழுத்துப்பட்டி விறைப்பாக, கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. இந்தத் தொழிலில் மூன்று நாள் இருந்தவன்கூடச் சொல்வான், உழைத்தது ஆட்டக்காரருடையது, மடித்திருந்தது உபரி என்று. நானும் அதையே சொன்னேன். உழைத்ததைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பின்னோரத்துப் பளபளப்பு சறுக்கியதால் வந்தது, முன்பக்கத் தொய்வு குப்புறப் பாய்ந்ததால் வந்தது, மார்புக் கறை இரண்டாம் பேஸின் களிமண் என்று டோலரஸுக்கு அரைமணி நேரம் விளக்கினேன்.

"எல்லாம் சரிங்க, சாப்பிடற எடத்துல வேற ஒருத்தர் வேர்வையை விரிச்சு வச்சிருக்கீங்களே, அதை எப்ப எடுப்பீங்க?" என்றாள்.

எடுத்திருக்கலாம். அத்தோடு கையெழுத்தைப் போட்டிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? இந்த உலகத்தில் போலிகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள், டீத்தண்ணீரில் ஊறவைக்கிறார்கள், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிறார்கள். ஒரு தேய்மானம் உண்மையா என்று சொல்லவேண்டுமானால், அதே தேய்மானத்தை நாமே ஒருமுறை உண்டாக்கிப் பார்க்கவேண்டும் என்பது என் கொள்கை. தராசைச் சோதிக்க எடைக்கல் வைக்கிறோமே, அந்த நியாயம்தான். கையில் உபரிச் சட்டை வேறு இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டையின் அளவு நாற்பத்திரண்டு, என் அளவு நாற்பத்தெட்டு. இரண்டு பொத்தான்கள் என்னைவிட்டுப் போயின. ஒன்றைப் பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியிலிருந்து எடுத்தேன்; பிறகு இரண்டையும் பழைய நூலாலேயே திரும்பத் தைத்துவிட்டேன். பின்முற்றத்தில் ஒரு தலையணையை பேஸாக வைத்து ஓடிவந்து சறுக்கினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். புல் காய்ந்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு மறுபடி சறுக்கினேன். இந்தத் தடவை தலையணையைத் தாண்டி, டோலரஸின் தக்காளிப் பாத்தியையும் தாண்டி, வேலியில் போய் நின்றேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து அவள், "அவுட்டா இல்லையா?" என்று கேட்டாள்.

"இது ஆராய்ச்சி, டோலரஸ்!"

"அந்த ஆராய்ச்சிய எந்திரிச்சு வரச் சொல்லுங்க, காப்பி ஆறுது."

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. மைதானத்துக் களிமண்ணை ஒரு காப்பி டின்னில் கொண்டுவந்து மார்பில் தேய்த்தேன். பின்னோரம் பளபளக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்து நகர்ந்தேன். முன்பக்கம் தொய்வதற்கு எந்த முயற்சியும் தேவைப்படவில்லை, என் வயிறே அதைப் பார்த்துக்கொண்டது. ஒன்பது முறை துவைத்து ஒன்பது முறை வெயிலில் போட்டேன். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு ஒற்றுமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

குழம்பிவிடக்கூடாதே என்று, "உண்மை", "சோதனை" என்று இரண்டு சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்தி வைத்தேன். குத்திய ஒரு மணி நேரத்தில் எனக்கு உதறல் எடுத்துவிட்டது. ஜெர்சியில் குண்டூசி குத்துவதா! துரு ஏறும், நூல் அறும், ஜெர்சி சேர்க்கிற எங்கள் சங்கத்தில் இதற்காக ஒருவரை விலக்கியே வைத்திருக்கிறோம். உடனே ஊசிகளைப் பிடுங்கிவிட்டு, உண்மைக்கு மர ஹேங்கர், சோதனைக்குக் கம்பி ஹேங்கர் என்று மாட்டினேன். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவனுக்குக் கம்பி ஹேங்கர் தோளை முட்டிக்கொண்டு நிற்கும் என்பது ஞாபகம் வந்தது. சோதனைதானே, முட்டட்டும் என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அதற்கும் மர ஹேங்கர் போட்டேன். பிறகு மரத்தில் இருக்கிற வார்னிஷ் துணியை மஞ்சளாக்கும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, இரண்டையும் கழற்றிக் கட்டில்மேல் போட்டு, பஞ்சு வைத்துத் தைத்த ஹேங்கர் இரண்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தால், அத்தான், எது எது என்று தெரியவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். டோலரஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணுல டுவைட் சறுக்கினாரு, ஒண்ணுல நீங்க சறுக்கினீங்க. எது ரொம்ப அழுவுதோ அதுதான் உங்களுது" என்றாள். எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை.

கடைசியில் திங்கட்கிழமை இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஓபல் ரிட்டர் அம்மாவிடம் போனேன். நாற்பது வருடம் சலவைக் கடை நடத்தியவர். இந்த வட்டாரத்தில் ஜெர்சி சேர்க்கிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. நடந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, "ரெண்டுல எது ஆட்டத்துல போட்டதுன்னு பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா விளக்கை ஏற்றினார். ஒரு சட்டையின் மார்புக் கறை பச்சையாக ஜொலித்தது. மற்றது இருட்டாகவே இருந்தது.

"மண்ணு மின்னாது, வெண்டல். கடுகு சாஸ்தான் இப்படி மின்னும், அதுல மஞ்சத்தூள் போடறாங்கல்ல. இதைப் போட்டிருந்த ஆளு ஒரு தடவகூட ஓடினதில்ல. நல்லா உக்காந்து, பின்னாடியெல்லாம் தேஞ்சு, ஹாட் டாக்கா சாப்பிட்டுத் தள்ளியிருக்கு. வயித்தப் பாரு, முன்னாடி எப்படித் தள்ளியிருக்குன்னு!"

"அந்த இன்னொண்ணு?" என்று கேட்டேன்.

"இதுதான் ஆட்டக்காரன் சட்டை. கொஞ்சம் கனத்த உடம்பு, கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, சீக்கிரமே சறுக்க ஆரம்பிச்சிடறான். ஆனா மனசார சறுக்கியிருக்கான். எழுதித் தரேன், கொண்டு போ."

எழுதியும் கொடுத்துவிட்டார். மண் அப்பியது நான்; கடுகு சாஸ் என் வேலை இல்லை. ஆகவே சான்றிதழ் கிடைத்திருப்பது எனக்கு. உங்களுக்குக் கிடைத்திருப்பது கடுகு சாஸ்.

வீடு வந்து சேரும்வரை காரில் வாய்விட்டுப் புலம்பினேன். கண்ணாடிப் பேழைக்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு நவம்பரிலும் வான்கோழியை அறுத்து வைத்துவிட்டு, குழம்புக் கிண்ணத்தை இரண்டாம் பேஸாக வைத்து, நீங்கள் அந்தக் கோடையில், பந்து எறிகிறவன் அசந்த நேரம் பார்த்து ஓடி, பதினொரு பேஸ் திருடிய கதையைச் சொல்வீர்கள். நான் அப்போது கொலம்பஸில் தராசுப் பயிற்சியில் இருந்ததால் ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. ஆட்டக் கணக்குப் புத்தகங்களோ வெள்ளத்தில் போய்விட்டன. பார்க்காததாலேயே அந்தப் பதினொன்றையும் நான் கண்ணால் கண்டதுபோல நம்பிவந்தேன். இந்தச் சட்டை வேறு கதை சொல்கிறது. அன்றைக்கு ஒல்லிக்குச்சியாக இருந்த உங்களுக்கு அந்த வயிறு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். பெஞ்சில் உட்காருவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான், யாராவது உட்காரத்தானே வேண்டும். எனக்கு உங்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

இனி நான் என்ன செய்ய? நான் சறுக்கிய சட்டைக்கு உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திட என்னால் முடியாது. ஐந்து அவுன்ஸ் குறைந்ததற்காகத் தேவாலயத்து இறைச்சி வறுவல் விழாவின் தராசையே பூட்டியவன் நான். கடுகு சாஸ் சட்டையை, உங்கள் பேரன் மூக்கை ஒட்டிப் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் மாட்டவும் மனம் வரவில்லை. ஆகவே சனிக்கிழமை உங்களுக்குக் கடுமையான காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். எனக்கும் காய்ச்சல் என்று நான் சொல்லிவிடுகிறேன். விழா தள்ளிப்போகும், பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள். இதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கங்கள். கர்ட்டின் குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் ஏணி வழுக்காமலும், கூரை ஒழுகாமலும், மருந்து வேளை தவறாமலும் நீண்ட நாள் வாழ எல்லாம் வல்லவன் அருளட்டும்.

தங்கள் அன்பும் கலக்கமும் நிறைந்த மைத்துனன்,
வெண்டல்

பின்குறிப்பு, பகல் ஒன்றரை மணி: மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லொரெய்ன் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். டோலரஸ் காலையிலேயே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். அக்கா சிரித்த சிரிப்பில் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவேண்டி இருந்தது.

"அட முட்டாளே, அந்தக் கடுகு சாஸ் நான்டா! கர்ட் வயித்துல இருந்தப்ப எனக்கு எந்தத் துணியும் பத்தல. ஆளுக்கு ரெண்டு சட்டை குடுத்தாங்க, ஒண்ண நான் எடுத்துக்கிட்டேன். கோடை பூரா கேலரியில உக்காந்து தின்னுக்கிட்டே இருந்தேன். இன்னொண்ண, ஆடற அன்னிக்குத்தான் போடுவேன்னு உங்க அத்தான் மடிச்சே வச்சிருந்தாரு. பெஞ்சுல பயிற்சிச் சட்டையோட கோட்டு மாட்டிட்டு உக்காந்திருப்பாரு. கடைசி நாளு கோச்சு 'ஹன்சேக்கர், தயாராவு'ன்னாரு. இவரு எடுத்துப் போட்டுப் பொத்தான் மாட்டி எந்திரிச்சு நின்னாரு. மழை கொட்டிடுச்சு. அஞ்சு நிமிஷம் போட்டிருப்பாரு. திரும்ப மடிச்சு வச்சுட்டாரு, அந்த மடிப்பு அவரு கையால போட்டது."

"அப்ப அந்தப் பதினொரு பேஸ்?" என்றேன்.

"வருஷா வருஷம் கேக்கறேன், எனக்குச் சலிக்கவே இல்ல. நீயும் பேசாம கேளு."

அத்தான், உபரி என்று நினைத்து நான் சேற்றில் இழுத்ததுதான் உங்கள் சட்டை. உங்கள் மடிப்பைக் கலைத்தவன் நான். மன்னித்துவிடுங்கள். கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை, அப்படியே உங்கள் கதவு இடுக்கில் போட்டுவிட்டு ஓடிவிடுவேன். காய்ச்சல் எல்லாம் வேண்டாம். நாளைக் காலை பத்து மணிக்குப் பழைய பேன்ட் ஒன்று போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன், குழாயையும் திறந்துவிடுகிறேன். டோலரஸ் பந்து எறிவாள், அக்கா இரண்டாம் பேஸில் நிற்பாள், நான் நடுவர். ஒரு ஆட்டத்துக்கு இது போதும். சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டேன், அதில் தேதிக்கு என்று கட்டம் கிடையாது. நீங்கள் சறுக்கி எழுந்ததும் நான் மனமறிந்து கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒன்று, பந்து முந்திக்கொண்டால் அவுட்தான் கொடுப்பேன். அதில் அக்கா புருஷன் என்றெல்லாம் பார்க்கமாட்டேன்.