மூக்கைத் தூக்கிய பச்சைக் காரும் ஒன்றரை அங்குலமும்

பத்தாங் பெர்ஜுந்தாய்,
14.11.1952, வெள்ளி மாலை

அன்புள்ள ராஃபேல் அண்ணனுக்கு,

ஒரு மோட்டார் வண்டியின் மூக்கு எத்தனை அங்குலம் உயர்ந்திருந்தால் அதன் பின்பக்கத்தில் அரிசி ஒளிந்திருக்கிறது என்று பொருள்? சென்னையில் மூன்று வருஷம் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியும் எனக்கு விடை தெரியவில்லை. முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும், மன்னியுங்கள். ஈப்போவில் நீங்களும் மவுரீன் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். நான் சுகமாயில்லை, அதற்குக் காரணம் நீங்கள்.

மாற்றலாகிப் போகும்போது கூரை மடிக்கிற அந்தப் பழைய பச்சைக் காரை என்னிடம் விட்டுப் போனீர்கள். அதற்கு முன், ஈயம் தோண்டும் ஈயலம்பத்துக்குப் போகும் குழிப் பாதையில் அடிபடாமலிருக்க, முன்பக்கம் தடித்த பட்டை ஸ்பிரிங்குகளை மாட்டினீர்கள். அன்றிலிருந்து அது முன்னால் வானத்தைப் பார்த்தபடி பின்னால் குந்திக்கொண்டு ஓடுகிறது. யாரும் கவலைப்படவில்லை. இப்போது ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாது என்றாகிவிட்டதால், வால் தாழ்ந்த எந்த வண்டியும் அரிசி வண்டிதான். வாசலில் காவல் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அர்ஜுனன், நான் பள்ளிக்கூடம் முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு முறையும் ஆசனத்தைக் கழற்றி, உபரி டயரை இறக்கி, போன வாரம் பிள்ளைகளின் ஜாமெட்ரிப் பெட்டிகளையும் திறந்து பார்த்தார். அவை எதற்கு என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை மூன்று பெண்கள் எழுதப்போகும் பரீட்சைக்கு என்று சொன்னேன். "காலி வண்டி இப்படி வானம் பாக்காதுங்க டீச்சரம்மா, பின்னால பாரம் இருக்குலா" என்றார். நாற்பது நிமிஷம்.

நாளைக் காலை எட்டு மணிக்குக் கோலா சிலாங்கூரில் ஆசிரியப் பயிற்சிக்கான நுழைவுப் பரீட்சை. கங்கா, காளியம்மா, நல்லம்மாள் மூவரும் எழுதுகிறார்கள். இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து இதுவரை ஒரு பெண்ணும் எழுதியதில்லை. போன மாதம் காட்டிலிருப்பவர்கள் பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள். வேறு பஸ் வரவில்லை. இரவு வெளியே தங்க அனுமதி கேட்டால் ஒரு மாதம் முன்பே மனுப் போட்டிருக்க வேண்டுமாம். ஊரடங்கு ஆறு மணிக்குத்தான் நீங்கும். பாதைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வாசலில் நாற்பது நிமிஷம் போனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட என் பட்டம் தேவையில்லை. எட்டு அடித்தால் மண்டபக் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்தத் தடவை எழுதாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று காளியம்மாவின் அப்பா சொல்லிவிட்டார். இதில் மூன்று பெண்களும் பின்னால் உட்கார்ந்தால் மூக்கு இன்னும் எழும்பும்.

ஆகையால் செவ்வாய்க்கிழமை முன்பக்கம் இரண்டு மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன். அர்ஜுனன் இரண்டையும் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார். மணல் பாதையெல்லாம் கொட்டிற்று, கூட்டி அள்ளியது நான். புதன்கிழமை பட்டறை சன்னாசியிடம் போனேன். அவர் எதையும் அளப்பதில்லை, குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். "ஒரு பட்டைய உருவிட்டாப் போதும் டீச்சர்" என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டையை உருவினார். வண்டியின் முன்பக்கம் இரண்டரை அங்குலம் இறங்கி, குழிக்குக் குழி மட்கார்டு டயரில் உரசி நாய் மாதிரி ஊளையிட்டது. இப்போது மூக்கு தாழ்ந்துவிட்டதே என்று நிம்மதியாக வாசலுக்குப் போனால், "இஞ்சினுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்று அர்ஜுனன் முன்மூடியைத் திறக்கச் சொன்னார். மறுபடியும் நாற்பது நிமிஷம். எனக்குக் கோபமே வராது என்று நீங்கள் சொல்வீர்கள். வந்தது. அவர்மேல் புகார் எழுதி, கோலா சிலாங்கூர் போலீஸ் அதிகாரிக்கு இன்று காலை தபாலில் போட்டேன்.

பிறகு பட்டறைக்குப் போனேன். சன்னாசி இரண்டு ஜோடி எடுத்து வைத்திருந்தார். ஒன்று உங்கள் ஸ்பிரிங்குகளைப் போல இன்னொரு ஜோடி, கொல்லரிடம் கொடுத்து வளைவைத் தட்டிக் குறைத்தது. மற்றது ஓடாமல் கிடந்த ஒரு மூடிய காரிலிருந்து கழற்றியது, இயற்கையாகவே வளைவு குறைவு. புடவைக் கடைக்காரர் மாதிரி இரண்டையும் விரித்து, எது வேணும் என்றார். தட்டியது நடுவழியில் ஒடியாதா என்று கேட்டேன். "ஒடியாதுன்னு சொல்ல முடியாது" என்றார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் அதுதான். அதனால் மற்றதை மாட்டச் சொன்னேன். வண்டி மட்டமாக நிற்க எனக்கு வேண்டியது ஒன்றரை அங்குல இறக்கம். பள்ளிக்கூடத்து அளவுகோலை வைத்து நானே அளந்தேன், மிகச் சரியாக ஒன்றரை. முன்மூடிமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தோம், ஒரு பக்கமும் சாயவில்லை. ஊளையும் இல்லை.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. நாளை எட்டு மணிக்கு எங்களை நினைத்து ஒரு ஜெபம் சொல்லுங்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை, இருந்தும் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
மாடில்டா

பி.கு. சனி, பிற்பகல். வாசலில் அர்ஜுனன் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு ராசா என்ற ஊருக்குப் போயிருக்கிறாராம். இருந்தவர் புதியவர். காவல் புத்தகத்தைத் திறந்து படித்துக் காட்டினார், அர்ஜுனன் கையெழுத்து: "சனி காலை டீச்சரம்மா வருவாங்க. மூக்கத் தூக்குன பச்சக் காரு. மூணு புள்ளைங்க பரீச்சை. சோதனை வேணாம், ஒடனே விடு." புதியவர் காரைச் சுற்றி வந்து, "இதுல மூக்கு தூக்கலயேம்மா, இது வேற காரு" என்று ஆசனத்தைக் கழற்ற ஆரம்பித்தார். இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. நான் அளவுகோலைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போது, வாயே திறக்காத நல்லம்மாள் இறங்கிப் போய்ப் பின் பம்பரில் ஏறி நின்றாள். கங்காவும் காளியம்மாவும் ஏறினார்கள். போதவில்லை. நாற்பத்தெட்டு வயதில், பட்டதாரி, நானும் ஏறினேன். மூக்கு எழும்பிற்று. அவர் புத்தகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், தடுப்பைத் தூக்கினார். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா" என்றார்.

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். மூவரும் எழுதினார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது போலீஸ் நிலையத்துக்குப் போய், என் புகார் வந்தால் பிரிக்க வேண்டாம் என்று கேட்டேன், காலையிலேயே பிரித்துவிட்டார்களாம். அர்ஜுனனுக்குச் சாதகமாக இன்னொன்று அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். திரும்பும் வழியில் சன்னாசியைப் பார்த்து, திங்கட்கிழமை உங்கள் ஸ்பிரிங்குகளையே மாட்டச் சொல்லிவிட்டேன்.