மேஸ்திரியின் வயிறு சம்பந்தமாக நாத்தனாருக்கு

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கையும், மாமியார் போன பிறகு அந்தப் பதவியையும் சேர்த்துக் கவனித்து வருபவளுமான என் அன்பு நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் அண்ணனும் சுகம். பூனை எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம், அதுதான் சங்கடமே. அங்கே உன் முழங்கால் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று நான் கேட்டதாக வைத்துக்கொள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லி, பதினோராவது வார்த்தைக்கு அழுதுவிடுகிறாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, எழுத்து கோணலாக இருந்தால் தாளைச் சாய்த்துப் பிடித்துப் படி.

உன் புது வீட்டுச் சொந்தக்காரர் பூனை ஆகாது என்று சொல்லிவிட்டார், நீயும் அழுதுகொண்டே உன் செல்லத்தை எங்களிடம் விட்டுப் போனாய். நீ வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. ஒரு வேலையும் செய்யாமல் வீடு முழுக்க நடந்து எல்லார் வேலையையும் மேற்பார்வை பார்க்கிறதே என்று நான் ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டேன், இப்போது அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது. போன தடவை வந்தபோது நீ அதைத் தூக்கிப் பார்த்து, முடியாமல் கீழே வைத்துவிட்டு, “அண்ணி, இது பூனையா பூசணிக்காயா? மாசக் கடைசியில வருவேன். அதுக்குள்ள இளைக்கலன்னா எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க வீட்டுக்குக் கொடுத்துடுவேன். அங்கெல்லாம் தராசுல நிறுத்துத்தான் தீனி போடுவாங்க” என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனாய். எனக்கென்ன, பூனை போனால் ஒரு தட்டு கழுவுவது மிச்சம். உன் அண்ணன் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். பஸ் ஓட்டிய காலத்தில் ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்று ஒரு பலகை தலைக்கு மேல் தொங்குமே, ஓய்வு கொடுத்து அனுப்பிய அன்று அதையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம். என்னோடு அவர் பேசுவது ‘ம்’ ஒன்றுதான். அன்று அந்த மனிதர் வாயைத் திறந்து, “இளைக்க வைக்கணும்” என்றார். முழுசாக இரண்டு வார்த்தை! அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாளே மேஸ்திரியைப் பூனை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் அதன் வயிற்றைத் தடவினார், விலா எலும்பைத் தேடினார், கிடைக்கவில்லை. “என்னம்மா கொடுக்கறீங்க?” என்றார். நான் சமைக்கிற தொழிற்சாலை கேன்டீனில் மிஞ்சுகிற வறுத்த மீன், ரொட்டி, அப்புறம் பால் என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், இடமும் வலமுமாக. “வறுத்தது வேணாம். உப்புப் போட்டது வேணாம். வெங்காயம் பூண்டு பட்டதே கூடாது, பூனைக்கு அது விஷம். பாலையும் நிறுத்துங்க, வளர்ந்த பூனைங்க பலதுக்கும் அது செரிக்காது. பூனைன்னா கறிதான்மா சாப்பாடு. கறி அதிகமா இருக்கிற பூனை உணவாப் பார்த்து வாங்கி, அளவாப் போடுங்க. தண்ணி எப்பவும் இருக்கட்டும்.” பூனைக்குப் பால் ஆகாது என்று சொல்கிற ஆளை எப்படியம்மா நம்புவது? நாளைக்கு மீனுக்குத் தண்ணீர் ஆகாது என்பார். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள், நம் பூனை அதற்கெல்லாம் காத்திருக்காமல் தானே யானையாகிவிட்டது, அவ்வளவுதானே, இதற்குப் போய் பாலை நிறுத்துவார்களா என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தேன். உன் அண்ணன் ‘ம்’ என்றார்.

சரி, வாங்கித்தானே ஆக வேண்டும் என்று பூனைத் தீனி விற்கிற கடைக்குப் போனேன். அலமாரி முழுக்க மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒல்லியான பூனை, சினிமாவுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. நான் கடைக்காரனைக் கேட்டேன், “இந்தப் பூனை இந்த மூட்டையைத் தின்னுதான் இப்படி இருக்கா?” “அது படம்மா.” “தெரியுது. படத்துக்கு முன்னாடி அது என்ன தின்னுச்சு?” அவன் இன்னொரு மூட்டையை எடுத்து நீட்டினான். அதில் கோழி சுவை என்று போட்டிருந்தது. “உள்ள கோழி இருக்கா, இல்ல கோழியோட ஞாபகம் மட்டும்தானா?” என்றேன். அவன் சிரிக்காமல், “ரெண்டும் கொஞ்சம் இருக்கும்மா” என்றான். சிரிக்காமல் பதில் சொல்கிற கடைக்காரனை நான் நம்புவதில்லை. யார் சமைத்தார்கள், எந்த அடுப்பில் சமைத்தார்கள், சமைத்தவள் குளித்தாளா இல்லையா, ஒன்றும் தெரியாமல் ஒரு சாப்பாட்டை எப்படிப் பரிமாறுவது? அதனால் ஒரு மூட்டையை வாங்கி வீட்டுக்கு வந்ததும் அதில் ஒரு தீனி மணியை எடுத்து நானே வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அட்டைப்பெட்டியில் மீன் வைத்திருந்துவிட்டு, மீனை எடுத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுத்த மாதிரி இருந்தது. மேஸ்திரி என்னடா என்றால் தட்டையே தேய்த்து நக்குகிறான். வாய்க்கு விளங்காததை ஒருவன் இப்படித் தின்றால் அதில் ஏதோ கலந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மூட்டையின் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சரம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று வந்தவள், “சாம்பல் இவ்வளவு” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாம்பலா! பாத்திரம் விளக்குகிற சாமானைப் பூனைக்குப் போடுகிறானா? மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் ஓடினேன். அங்கே ஒரு நாயும் இரண்டு கிளியும் வரிசையில் இருந்தன, நான் எதையும் பார்க்கவில்லை. டாக்டர் பொறுமையாக, “அம்மா, யாரும் சாம்பலை அள்ளிக் கொட்டல. தீனியை எரிச்சுப் பார்த்தா மிஞ்சுற தாது உப்பு எவ்வளவுன்னு அப்படிக் கணக்குப் போட்டு எழுதுவாங்க. உங்களை எரிச்சாலும் கொஞ்சம் மிஞ்சும்” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் தேவையா, சொல். ஆனாலும் மூட்டையைப் புரட்டிப் பார்த்து, கறிதான் முதலில் போட்டிருக்கிறது, இது நல்ல தீனிதான், இதையே அளவாகப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கடைக்காரனும் இவரும் ஒரே ஊர்க்காரர்களோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

அப்படியே செய்தேன். வறுவல் இல்லை, பால் இல்லை, ரொட்டி இல்லை. மூட்டையோடு அளக்க என்று ஒரு துக்கடா பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தார்கள், உன் அண்ணன் சவரத்துக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ள எடுத்துக்கொண்டார், நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். முந்நூறு பேர் சாப்பாட்டுக்குக் கரண்டி இல்லாமல் உப்புப் போடுகிறவளுக்குக் கோப்பை ஒரு கேடா? இவ்வளவு பத்தியம் இருந்தும் இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் போய்த் தராசில் வைத்தால், முள் முன்னே இருந்ததைவிடத் தள்ளி நிற்கிறது. டாக்டர் என்னைப் பார்க்கிறார், நான் உன் அண்ணனைப் பார்க்கிறேன், உன் அண்ணன் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்க்கிறார். யாரோ திருட்டுத்தனமாக ஊட்டுகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை.

முதல் சந்தேகம் டீச்சரம்மா மேல். மேஸ்திரி சாயங்காலமானால் அவள் ஜன்னலில் போய் உட்கார்ந்துவிடும், உள்ளே பிள்ளைகள் பிஸ்கட்டும் கையுமாக இருக்கும். துணி காயப்போடுகிற மாதிரி போய் நின்று பார்த்தேன். அவள் வெளியே வந்து, “காய்ஞ்ச துணியவே எத்தனை தடவை காயப்போடுவீங்க? உங்க பூனை இங்க வந்து தூங்குது, அவ்வளவுதான். என் கிளாஸ்ல பசங்களும் தூங்குதுங்க. நான் யாரைன்னு எழுப்புறது?” என்றாள். பாவம், நியாயமான பொம்பளை. அவளை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் துணி துவைக்கும்போது உன் அண்ணன் சட்டைப் பையில் மீன் வாடை அடித்தது. பையைத் திருப்பினால் பூனைத் தீனித் தூள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்தேன். ஒரு நாள் கேன்டீனில் குழாய் உடைந்து மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே போனேன். சமையலறையில் உன் அண்ணன் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறார், ஒரு கை தட்டில், இன்னொரு கை பையில். மேஸ்திரி அவர் முழங்காலில் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“என்ன நடக்குது இங்க?”

“ம்.”

“பையில என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குய்யா மீன் வாடை? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு கடலை மிட்டாய் பையில வச்சு எடுத்துட்டு வந்திருப்பீங்களா? பூனைக்கு மட்டும் பையில வச்சு ஊட்டறீங்களோ?”

அவர் எழுந்து நின்று பையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பேசாதவனோடு சண்டை போடுவது காற்றில்லாத பந்தை உதைக்கிற மாதிரி. நான் விடவில்லை. குற்றவாளியை ஒரு கையிலும் சாட்சியைக் கூடையிலும் பிடித்துக்கொண்டு டாக்டரிடமே போய்ப் பிராது கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு தட்டையும் தீனி டப்பாவையும் என் முன்னால் வைத்து, “வீட்டுல ஒரு வேளைக்கு எப்படிப் போடுவீங்களோ, அப்படியே போடுங்கம்மா” என்றார். எனக்கு என்ன பயம்? ஒரு கை அள்ளிப் போட்டேன். தட்டில் கொஞ்சம் இடம் வெறிச்சென்று தெரிந்தது, பரிமாறுகிற கைக்கு அது பொறுக்குமா, இன்னொரு கை போட்டேன். டாக்டர் தட்டைப் பார்த்தார். உதவிக்கு இருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். “அம்மா, இது நம்ம பூனைக்குத்தானா, இல்ல வர்ற வழியில ஏதாவது புலிக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்களா?” என்றார். அந்தப் பெண் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்குகிறாள்.

அப்போதுதான் உன் அண்ணன் பேசினார். “பாதியை நான் எடுத்துடுவேன் டாக்டர். பையில போட்டுட்டுப் போய்த் தெருமுனை நாய்க்குப் போட்டுருவேன். இல்லன்னா இன்னும் ஏறியிருக்கும்.”

“இதை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னா சண்டை போடுவா. எடுத்துட்டா பூனையும் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.”

கேட்டாயா கதையை? அவர் ஊட்டவில்லையாம், என் தட்டிலிருந்து திருடியிருக்கிறார்! முந்நூறு பேரில் ஒருத்தன் என் அளவைக் குறை சொன்னதில்லை, கூடப் போடு என்றுதான் தட்டை நீட்டியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில், தப்பு யார் மேல் என்று தெரிந்துபோனதுகூடப் பெரிதாகப் படவில்லை. சொன்னால் சண்டை போடுவாளாம், ஊரான் டாக்டரிடம் மட்டும் சொல்லுவாராம், அதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். என் கைக்குப் பெரிய அண்டாதான் சரி, பூனைத் தட்டு சரிப்படாது. என்னை நம்பாத வீட்டில் நான் எதற்கு ஒரு பூனைக்குச் சாப்பாடு போட்டுக் கெட்ட பெயர் வாங்க வேண்டும்? மாசக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போ. அந்த ஆபீஸ் அம்மாளே நிறுத்துப் போடட்டும். இதில் மறுபேச்சு இல்லை, உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் ‘ம்’கூடச் சொல்லவில்லை.

மற்றபடி பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், பெரியவனுக்கு ஒன்று குறைத்துக் கொடு, போன தடவை என்னைக் குண்டு அத்தை என்றான். உன் வீட்டுக்காரருக்கு என் மரியாதையைச் சொல். நீ நூறு வயது வரை இதே வாயோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எல்லோருக்கும் ஆகாதவளாகிப்போன உன் அண்ணி

பின் குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வராதே. வந்தால் கூடை இல்லாமல் வா. உறையை ஒட்டப் பசை எடுக்கப் போனபோது சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது, கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். உன் அண்ணன் மேஸ்திரிக்கு அளந்து போட்டுக்கொண்டே சொல்கிறார்: “இவ்வளவுதான்டா, மேல கேக்காத. உன்னை அனுப்பப் போறாளாம். நீ போயிட்டா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் செவுத்தோடயா பேசறது? வண்டி ஓட்டி ஓட்டி எனக்கு மனுஷங்ககிட்டப் பேசவே மறந்துபோச்சு. உன்கிட்டப் பேசிப் பழகிட்டு அவகிட்டப் பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ரெண்டு பேருமா என் பொழப்பைக் கெடுத்துட்டீங்க.” நாத்தனாரே, இத்தனை வருஷத்து ‘ம்’ எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு நீளம் வராது. அதனால் மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததைத் தவிர மற்றதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள். மாசக் கடைசிக் கெடுவும் செல்லாது. பூனை அவசரமாக இளைத்தால் ஈரல் கெட்டுவிடும், மாசக் கணக்கில் மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், அவர் ரொம்ப நம்பிக்கையான மனிதர். ஒரே ஒரு சந்தேகம்தான் இன்னும் தீரவில்லை. பூனைக்கு நன்றாகக் காது கேட்கும், அதற்கு அவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியதில்லை, முகத்தையும் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் மட்டும் இளைத்தவளா? நானும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே குரலை உயர்த்தி, “மேஸ்திரி, உங்க ஐயாகிட்ட சொல்லி வை, சாயங்காலம் நான் வர்ற நேரத்துக்கு டீ போட்டு வச்சா, பேசிப் பழக நானும் உக்காருவேன்னு” என்றேன். உள்ளே கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “சர்க்கரை எவ்வளவு போடணும்னு கேளுடா” என்று பதில் வந்தது.