சக்கரம் வைத்த வீடும் ஒரு சன்னலும்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளுக்குப் பிறகு, வீடு என்ற விஷயத்தில் நிகழ்ந்த மாபெரும் புரட்சி தன்னுடைய கொல்லையில்தான் நடந்துகொண்டிருக்கிறது என்பதில் லெனோராவுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அந்தப் புரட்சி எப்படி வெளியே போகும் என்பதில்தான் சந்தேகம் இருந்தது.

அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. காப்பிக் கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டு சன்னல் மாடத்தில் உட்கார்ந்தபடி, தம்பி வெஸ்லி கொல்லையில் தான் கட்டும் குட்டி வீட்டின் கூரைமேல் மண்டியிட்டு ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் மாடம் என்பது வீட்டின் பக்கச் சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மூன்று பக்கக் கண்ணாடி. உள்ளே ஓர் ஆள் காலை மடக்கி உட்காரும் அளவுக்கு மெத்தை போட்ட பலகை. அதற்கு நேர் கீழே கார் போகும் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரரின் செங்கல் சுவர். பாதை போய் முடிவது கொல்லையில். கொல்லைக்குப் பின்னால் ஓடை.

இரண்டு வருடங்களுக்கு முன் வெஸ்லியின் டிரெய்லர் சக்கரம் வைத்த வெறும் இரும்புச் சட்டமாக வந்தபோது, முதலை ஊர்வது போல மாடத்துக்கு அடியில் புகுந்து கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த முதலையின் முதுகில் தேவதாருப் பலகை அடித்த ஒரு வீடு முளைத்து, மாடத்தைவிட உயரமாகி, இரண்டு பக்கமும் கூரை விளிம்பான இறவாரத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

மாவட்டக் குப்பை அகற்றும் துறையின் புகார்த் தொலைபேசியில் பதில் சொல்வது லெனோராவின் வேலை. குப்பை எடுக்கவில்லை, எடுத்தார்கள் ஆனால் தொட்டியை உடைத்துவிட்டார்கள், தொட்டியை உடைக்கவில்லை ஆனால் ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று ஊரின் குரல் முழுக்க அவள் காதுக்குள்தான் வடியும். எல்லோருக்கும் ஒரே பதில்: "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம்." அவளுடைய புகாரைப் பதிவுசெய்ய ஓர் இடம் வேண்டாமா? மாலையில் வந்து அந்தப் பலகையில் உட்கார்ந்துவிடுவாள். அங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆரிகன் மாநிலத்து மழை மட்டும் கண்ணாடியில் தன் பாட்டுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

வெஸ்லி போர்ட்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, துணைவி ஹேஸலுடன் "ரெண்டே வாரம்" தங்க வந்தவன். கொஞ்சத்தில் வாழ்வது எப்படி என்று உலகத்துக்கு வாழ்ந்து காட்டப் போவதாகச் சொன்னான். வாழ்ந்து காட்டுவதற்கு இடம் தேவைப்பட்டது. அக்காவுக்கு வீடு இருந்தது.

முதலில் திட்டமிடும் காலம். டிரெய்லர்மேல் கட்டப்போகும் குட்டி வீட்டின் வரைபடத்தை லெனோராவின் ஹால் தரையில் நீல டேப் ஒட்டி அசல் அளவில் வரைந்தார்கள். சோபா வராந்தாவுக்குப் போனது. அந்த டேப்புக்குள்ளேயே இருவரும் சமைப்பது போலவும் தூங்குவது போலவும் வாரக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். ஒருநாள் லெனோரா சமையலறைக்குப் போகக் குறுக்கே நடந்துவிட்டாள்.

"ஐயோ லெனோரா! சுவத்துக்குள்ள பூந்து வர்றீங்களே!" என்று அலறினாள் ஹேஸல்.

"டேப்புதானே?"

"உங்களுக்கு டேப்பு. எங்களுக்கு சுவர். கதவு அந்தப் பக்கம் இருக்கு பாருங்க. தட்டிட்டு வாங்க."

லெனோரா சுற்றிப் போய்க் காற்றில் தட்டினாள்.

"யாரு?" என்றான் வெஸ்லி.

சொந்த ஹாலில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குச் சட்டென்று தோன்றவில்லை. அன்று இரவு படுத்த பிறகும் தோன்றவில்லை.

அடுத்து வந்தது துறவு. குட்டி வீட்டில் எதற்கெல்லாம் இடமில்லையோ அதையெல்லாம் துறந்துவிடுவது என்று இருவரும் உறுதி பூண்டார்கள். துறந்ததைக் குப்பையில் போடுவது பூமிக்குச் செய்யும் துரோகம். விற்பதோ வியாபார புத்தி. ஆகவே லெனோராவிடம் துறந்தார்கள். பனிச்சறுக்குக் கட்டைகள் விருந்தினர் அறைக்குப் போயின. பீர் காய்ச்சும் அண்டாக்கள் அவள் துணி அலமாரிக்குள் போயின. ஹேஸலின் பழைய வாழ்க்கை பதினாறு அட்டைப் பெட்டிகளாக அவள் கட்டிலில் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டது. கயாக் படகு சாப்பாட்டு மேசைக்கு மேலே கயிற்றில் தொங்கியது. லெனோரா தினமும் அதன் அடிவயிற்றைப் பார்த்தபடி சூப் குடித்தாள். இப்படி ஒவ்வொரு நாளும் இருவரும் எடை குறைந்து லேசாகிக்கொண்டே வந்தார்கள். முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. லெனோராவின் வீட்டில் மட்டும் பக்கவாட்டில் திரும்பி நடக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, தன்னிறைவு. அந்த வீடு மின்வாரியத்தையோ குடிநீர் வாரியத்தையோ சாக்கடையையோ நம்பி இருக்காது. லெனோராவை மட்டும்தான் நம்பியிருந்தது. கூரையில் சூரிய மின்தகடுகள் இருந்தன, தகடுகளுக்கு மேல் தேவதாரு மரத்தின் நிழல் இருந்தது. எனவே "தற்காலிகமாக" ஓர் ஆரஞ்சு நிற வயர். பக்கத்தில் இருந்த பிளக் மாடத்துப் பலகைக்கு அடியில்தான் இருந்தது. ஆகவே வயர் மாடத்துச் சன்னல் வழியாக வந்தது. சன்னல் முழுதாக மூடாது. அந்த இடைவெளியில் வெஸ்லி தன்னுடைய கம்பளிக் காலுறை ஒன்றைத் திணித்தான். இரண்டு குளிர்காலம் அந்தக் காலுறை வழியாகத்தான் லெனோராவின் முதுகுக்குக் காற்று வந்தது. தண்ணீருக்குப் பதில் மரத்தூள் தூவும் கழிப்பறையின் மகிமை பற்றி வெஸ்லி முக்கால் மணி நேரம் உரையாற்றுவான். உரை முடிந்ததும் லெனோராவின் குளியலறைக்குப் போவான்.

இதற்கிடையே "குறைவில் நிறைவு" சங்கம் தோன்றி வளர்ந்தது. வியாழக்கிழமை தோறும் கூட்டம். குட்டி வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் அடுப்பில்தான் உட்கார வேண்டும் என்பதால், கொஞ்சத்தில் வாழ்பவர்களின் கூட்டம் லெனோராவின் ஹாலில் நடந்தது. தெருவை அடைத்துப் பெரிய பெரிய கார்கள் நின்றன. அவள் ஒரு அண்டா நிறைய பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுச் சில்லி வைப்பாள். சங்கத் தலைவர் ராண்டல் இரண்டாவது கிண்ணம் வாங்கிக்கொண்டு ஆசையைக் குறைப்பது பற்றிப் பேசுவார்.

அப்படி ஒரு வியாழக்கிழமையில்தான் லெனோரா கரண்டியும் கையுமாகக் கேட்டுவிட்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். இது எப்படி வெளிய போகும்?"

"எங்க போகும்னு கேக்கறீங்களா?" ராண்டலின் முகம் மலர்ந்தது. "எங்க வேணா போகும்! மலைக்குப் போகும், கடலுக்குப் போகும், பாலைவனத்துக்குப் போகும். அதானே இதோட அழகே!"

"எங்கன்னு கேக்கல. எப்படின்னு கேட்டேன். இந்த சன்னலு..."

"லென்," என்றான் வெஸ்லி மென்மையாக. நோயாளியிடம் பேசும் மென்மை. "சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். நீ சுவத்தப் பாக்கற. நாங்க அடிவானத்தப் பாக்கறோம்."

கைதட்டல். நிகழ்ச்சிக் குறிப்பில் இப்படிப் பதிவானது: "வீட்டு உரிமையாளர் அச்சம் தெரிவித்தார். அவருக்கு ஆறுதல் கூறப்பட்டது." புகார் பதிவாவதைப் புகார் கொடுப்பவர் பக்கம் நின்று பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. இத்தனை வருடமாக அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று புரிந்தது.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் புறப்பாடு. பாதையோரம் சங்கம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு நின்றது. மேரியன்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் நான்கு வந்திருந்தது. வெட்டுவதற்கு ரிப்பன், ரிப்பனைப் பிடிப்பதற்கு இருவர். இன்று முதல் இந்த வீட்டுக்கு முகவரி கிடையாது, பூமியே முகவரி என்று ராண்டல் அறிவித்தார். ஹேஸல் அழுதாள். வெஸ்லி லெனோராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன்ன விட்டுட்டுப் போறோமேன்னுதான் கஷ்டமா இருக்கு," என்றான். லெனோராவும் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காரணம் வேறு. உள்ளே போய் மாடத்தில் உட்கார்ந்தாள். வயரைப் பிடுங்கியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் சன்னலை மூடலாம்.

இரவல் பிக்கப் வண்டி உறுமியது. சக்கரங்கள் இரண்டு வருடப் புல்லிலிருந்து பிய்த்துக்கொண்டு உருண்டன. வீடு அசைந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். வீடு கம்பீரமாக வந்தது, வந்தது, மாடத்தை நெருங்கியது. நகத்தால் தகரத்தைக் கீறுவது போல ஒரு சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், லெனோராவின் மூக்குக்கு நேரே, தேவதாரு இறவாரம் ஒன்று வந்து நின்றது.

அடிவானம் வந்துவிட்டது.

'சிக்கிக்கொண்டது' என்ற சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை. வீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். யாரும் எதுவும் பேசுவதற்கு முன்பே ஹேஸல் ஆரஞ்சு வயரைச் சன்னல் இடுக்கில் நுழைத்தாள். லெனோரா பழக்கதோஷத்தில் வாங்கிச் செருகினாள். பிறகு அவசரச் செயற்குழு மழையிலேயே கூடியது. கிரேன் வைத்துத் தூக்கலாம் என்றார் ஒருவர். மேலே மின்கம்பி, அதற்கு மேலே மரம். செங்கல் சுவரை இடிக்கலாம் என்றார் இன்னொருவர். சுவருக்குச் சொந்தக்காரர் தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த யோசனை கைவிடப்பட்டது. "ரெண்டு பக்கமும் இறவாரத்த அறுத்துட்டா?" என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள். அவளைப் பலகாரம் எடுத்துவர அனுப்பினார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: வீட்டுக்கு எந்தத் தடையும் இல்லை, சன்னல்தான் தடையாக இருக்கிறது.

வெஸ்லி கையில் மின்ரம்பத்துடன் மாடத்துக்குக் கீழே வந்து நின்றான். தலை மட்டும் அவள் முழங்கால் மட்டத்துக்குத் தெரிந்தது.

"லென், சின்ன வேலைதான். இந்த மாடத்த மட்டும் சுவரோட சுவரா அறுத்து எடுத்துட்டு பிளைவுட் அடிச்சு மூடிடறோம். பெயின்ட் கூட அடிச்சுத் தரேன்."

"பிளைவுட்டா?"

"நீ ஒருத்தி. உனக்கு எதுக்கு லென் இவ்ளோ இடம்?"

"யோசிச்சுப் பாத்தா இது உங்களுக்கும் ஒரு விடுதலை, லெனோரா," என்றாள் குடைக்குள்ளிருந்து ஹேஸல். "பிடிச்சதத்தான் முதல்ல விடணும்."

லெனோரா நிஜமாகவே யோசித்தாள். அறுத்துவிட்டால் போய்விடுவார்கள். நாளைக் காலை குளியலறை காலியாக இருக்கும். வியாழக்கிழமை வெறும் வியாழக்கிழமையாக இருக்கும். ஒரு சன்னல் பெரிய விலையா? மெத்தையை எடுத்துச் சமையலறைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். மழையைக் காதால் கேட்டுக்கொள்ளலாம். நாக்கு நுனி வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. இரண்டு வருடமாக அங்கேயே குடியிருக்கும் சொல்தானே அது.

"உன் இறவாரத்த அறுக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

வெஸ்லி திகைத்துப் போனான். "அது டிசைன், லென்! ஒவ்வொரு அங்குலமும் யோசிச்சு வெச்சது. எங்க வீடு அது!"

"இது?"

"இது வெறும் சன்னல்தானே."

அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே கயாக் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"போகும்போது அந்தப் படக எடுத்துட்டுப் போவியா, வெஸ்?"

"படகா?" அவன் சிரித்தான். "அத எங்க வைக்கறது, எங்க வீட்ல இடமேது? இங்கயே இருக்கட்டும். பெட்டியெல்லாமும்தான். வசந்தத்துல வருவோம்ல!" ரம்பத்தைத் தூக்கிப் பிடித்தான். "ஆரம்பிக்கட்டா? கால எடுத்துக்கோ."

லெனோரா காலை எடுக்கவில்லை. மெத்தையில் இன்னும் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம், வெஸ்," என்றாள்.

"என்ன வேண்டாம்?"

அவள் பலகைக்கு அடியில் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். ஆரஞ்சு வயரைச் சுருட்டி, தம்பியின் தோளில் மாலை போடுவது போல மெதுவாக வைத்தாள். மேலே அந்தக் காலுறையையும் வைத்தாள். சன்னலை இழுத்தாள். இரண்டு வருடம் திறந்தே கிடந்த கீல் முனகியது, பிறகு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெஸ்லியின் வாய் அசைந்தது. ஹேஸலின் வாயும் அசைந்தது. ராண்டலின் வாய் கூட. சத்தம் வரவில்லை. மழைதான் கேட்டது.

மாலை மங்கிக்கொண்டிருந்தது. கட்டி முடித்த நாளிலிருந்து முதல் முறையாக, அந்தக் குட்டி வீடு யாரையும் நம்பாமல் தன் சொந்தக் காலில் நின்றது. ஒரே இருட்டாக இருந்தது.