நீயே போட்டுக்க, கண்ணு

பிள்ளையைச் சொந்தக் காலில் நிற்க வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அதன் இரண்டு காலையும் விடாமல் பிடித்திருக்கும் தகப்பன்மார் தனி இனம். சாப்பாட்டு நேரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் தரிசனம் கிடைக்கும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் குடியிருக்கும் பஞ்சநதம் அந்த இனத்தில் அசல் வித்து. போனில் ஏதோ ஒரு வீடியோ பார்த்த நாளிலிருந்து, நாலு வயது மகள் குந்தவை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டும் என்பது அவருக்கு வாழ்க்கை லட்சியமாகிவிட்டது. குட்டிக் கரண்டி, குட்டிக் கிண்ணம், குட்டிச் செம்பு, சிந்தினால் துடைக்கக் குட்டித் துணி என்று எல்லாம் வந்து இறங்கின. குழந்தையின் கைக்கு மட்டும் முறை வரவில்லை.

"நீயே போட்டுக்க, கண்ணு" என்பார். அவள் கரண்டியைத் தொடுவாள். "அப்படி இல்ல, காம்பைப் புடி. மேல இல்ல, நடுவுல. மூச்சை உள்ள இழு." அதற்குள் அவர் கை அவள் கைமேல் ஏறிவிடும். கரண்டி போகும், வரும், சோறு தட்டில் விழும். "பாத்தியா, நீயே போட்டுட்டே" என்று அவரே கைதட்டிக்கொள்வார். மூச்சுக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டுப் பாருங்கள், அந்த வீடியோவை உங்களுக்கும் அனுப்பிவைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நண்பர் ராம்கியைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு வெறும் சாக்கு. மூன்று வாரமாக ஆபீசில் மகளைப் பற்றி அளந்ததை ஒரு வெளியாள் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

கூடத்தில் உட்கார்ந்தார்கள். குந்தவை சாம்பார்க் கரண்டியை எடுத்தாள். சரியாகத்தான் பிடித்திருந்தாள். பஞ்சநதத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "மெதுவா, மெதுவா" என்று பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் முழங்கை இடித்து, பாத்திரத்திலிருந்த முருங்கைக்காய் சாம்பார் மொத்தமும் ராம்கியின் வேட்டியில் இறங்கியது. நல்லவேளை, ஆறியிருந்தது.

"பரவாயில்ல சார்" என்று ராம்கி மடியிலிருந்து முருங்கைக்காயைப் பொறுக்கினார். பஞ்சநதத்தின் மனைவி மேகலா பழந்துணியோடு ஓடி வந்தாள். பஞ்சநதம் அந்தக் குட்டித் துணியால் கூடம் முழுவதையும் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு நிமிஷம் குந்தவையை யாரும் கவனிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால், அவள் தட்டில் அளவாகச் சோறு, நடுவில் பருப்பு, மேலே நெய், ஓரத்தில் ஓர் அப்பளம். கீழே ஒரு பருக்கை இல்லை. அவள்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பஞ்சநதத்தின் முகம் சிவந்தது.

"மேகலா, நான் இவ்வளவு பாடுபட்டுப் பழக்கிட்டிருக்கேன். நீ எதுக்கு அவளுக்குப் போட்டு வச்சே?"

"நான் எங்கங்க போட்டேன்? என் கையில துணிதானே இருக்கு."

"அப்ப ராம்கி, நீங்களா?"

ராம்கி வேட்டியைப் பிழிந்தார்.

"நாந்தாம்ப்பா போட்டுக்கிட்டேன்" என்றாள் குந்தவை.

"பொய் சொல்லக் கூடாது, கண்ணு." தட்டை அப்பால் நகர்த்திவிட்டுப் புதுத் தட்டு ஒன்றை வைத்து, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தார். "வா, முதல்லேருந்து பழகலாம்."

சிரிப்பு வருகிறதா? நல்லது. இன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை கரண்டியை எடுக்கும்போது, வாயைத் திறக்காமல், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் இருபது வரை எண்ணிப் பாருங்கள். ஏழுக்கு மேலே போய்விட்டால் தகவல் கொடுங்கள். அப்படிப்பட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.